புதுசுன்னா நல்லதா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை ‘சர்வீஸ் பண்ணுகிறேன் பேர்வழி’ என்று ஒரு மனிதன் ஸ்பானரைக் கையில் எடுக்கிறானே, சனி பகவான் அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கிறார். நீங்களும் செய்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கி, ஓட்டை பனியன், வாசலில் நியூஸ் பேப்பரை விரித்து பைக்கைப் பிரித்திருப்பீர்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு கையில் ஒரு நட்டு மிச்சமிருக்கும். ‘கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருப்பான்’ என்று அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பீர்கள்.

என் அக்கா மகன் இதையேதான் இங்கிலாந்தில் செய்தான். என்ன, லுங்கிக்குப் பதில் நீல ஓவரால். நியூஸ் பேப்பருக்குப் பதில் ரப்பர் மேட். மற்றபடி சனி அதே சனிதான்.

பையன் சாஃப்ட்வேர். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே டிட்காட் என்ற ஊரில் வீடு. போன செப்டம்பரில் பத்து நாள் போயிருந்தேன். கராஜில் ஒரு துணியை மூடி வைத்திருந்தான். கல்யாணப் பெண்ணின் முகத்திரையை விலக்குகிற மாதிரி மெதுவாக விலக்கினான். உள்ளே கரும்பச்சையில், இடுப்பு உயரம்கூட இல்லாமல், இரண்டே சீட்டுடன் ஒரு கார். கித்தான் கூரை. 1972-ம் வருஷத்து எம்.ஜி.பி.

“கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார், மாமா” என்றான்.

என்னைவிடச் சில வருஷம் சின்னது. என்னை யாரும் கிளாசிக் என்று சொன்னதில்லை.

எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். எம்.ஜி.பி. 1962-லிருந்து 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. டிட்காட்டிலிருந்து கால் மணி நேர தூரம். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். கார்கள் மட்டும் சாகமாட்டேன் என்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய காருக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருந்தால், வருஷாந்தர தகுதிச் சோதனை கட்டாயமில்லை. வயசுக்கு மரியாதை! ஆனால் அந்த மரியாதை பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் தெரியாது. ஆகவே சொந்தக்காரனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைத்தான் பையன் பார்த்துக்கொண்டான். ஒரு சனிக்கிழமை முழுக்க.

கராஜ் வாசலில் ஸ்வெட்டர், மங்கி கேப் சகிதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். என் அத்தான். பையனின் அப்பா. திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டாண்டில் 26 வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். ஆறு மாச விசாவில் அக்காவோடு வந்திருந்தார். ஏற்கெனவே பைபாஸ் ஆனவர். ‘இனிமேல் இவ்வளவு தூரம் ப்ளைட்டில் போக வேண்டாம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இதுதான் முதலும் கடைசியுமான லண்டன் பயணம். திரும்பிப் போக ஒன்பது நாள் இருந்தது. போவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, இந்தக் காரில் அப்பாவை ஆபிங்டனுக்கு அழைத்துப் போவதாகப் பையன் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் இந்த சர்வீஸ்.

ஆயில் மாற்றினான். ஃபில்டர் மாற்றினான். நாலு ஸ்பார்க் ப்ளக்கும் புதுசு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பாயின்ட், கண்டன்ஸர் எல்லாம் புதுசு. பழசை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி டஸ்ட்பின்னில் போட்டான்.

“பழசு எப்படியிருந்தது?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் ஓடிச்சு. இருந்தாலும் எல்லாத்தையும் மாத்திட்டா ஒரு நிம்மதி.”

அத்தான் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ட்ரையல். நான் பக்கத்து சீட்டில். தரையோடு தரையாக உட்கார்ந்து போவது சுகமாகத்தான் இருந்தது. ஆறு மைல். அதன் பிறகு வண்டிக்கு விக்கல் வந்தது. சைலன்ஸரில் ‘டமால்’ என்று ஒரு வேட்டு. டேஷ்போர்டில் இன்ஜின் வேகத்தைக் காட்டுகிற முள் 3000-க்கும் சைபருக்கும் நடுவே தாயக்கட்டை மாதிரி துள்ளியது. ஸ்போர்ட்ஸ் காரில் அப்படித்தான் போலிருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது.

அரை மணி நேரம் வேலியோர மாடுகளைப் பார்த்தபடி நின்றோம். பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. வீடு வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை விக்கல்.

பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டார்ட் பண்ணிய அனுபவம் எனக்கு உண்டு. இதைச் சாய்க்க முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கள்கிழமை ஆபீஸ் முடிந்து வந்ததும் பையன் ஆராய்ச்சியை ஆரம்பித்தான். பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்றே விஷயம் வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில். அதை அழுத்த கம்ப்ரெஷன். சரியான நேரத்தில் ஒரு பொறி. மூன்றில் ஒன்று கோளாறு. எது?

முதலில் பெட்ரோல். இந்தக் காரில் பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருக்கிறது, கரன்ட்டில் வேலை செய்வது. சாவியைப் போட்டதும் ‘டக் டக் டக்’ என்று சத்தம் போடும். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது வழியில் காற்று இழுக்கிறது. ஆரம்பத்திலேயே சத்தம் இல்லையென்றால் பம்ப் தூங்குகிறது. இங்கே ஒழுங்காக அடித்து ஒழுங்காக அடங்கியது.

டேங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் வண்டி இப்படித்தான் கொஞ்ச தூரம் போய் நிற்கும். நின்ற கையோடு மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றை உறிஞ்சும். உறிஞ்சவில்லை. அடுத்து இரண்டு கார்புரேட்டர்களின் தலையிலும் திருகைக் கழற்றி, உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பார்த்தான். அந்த ஆயில் வற்றிப்போனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி இருமும். இருந்தது.

பிரிட்டனில் 2021-லிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காரின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. பையன் உஷாராக எத்தனால் குறைந்த விலை உயர்ந்த ரகத்தைத்தான் போட்டு வந்தான். ஆக, பெட்ரோல் நிரபராதி.

“பெட்ரோல் இல்லேங்கிறீயா?” என்று வாசலிலிருந்து அத்தான் கேட்டார்.

“இல்லப்பா. நீங்க உள்ள போங்க, குளிரும்.”

செவ்வாய்க்கிழமை கம்ப்ரெஷன். நாலு ப்ளக்கையும் கழற்றிவிட்டு, காயில் கனெக்‌ஷனைப் பிடுங்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மிதிக்கிற பதவி எனக்கு. ரீடிங் 155, 150, 155, 150 பவுண்டு.

இதில் பார்க்க வேண்டியது எண்ணைவிட வித்தியாசத்தை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் மட்டும் ஒருசேரக் குறைந்தால், நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் ப்ளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. இங்கே நாலும் அண்ணன் தம்பி மாதிரி சமமாக இருந்தன. என்னைக் கேட்டால் நல்ல இன்ஜின்.

ஆனால் என்னை யார் கேட்டார்கள்? பையன் யூட்யூபைக் கேட்டான். அதில் ஒருவர் இதே விக்கலுக்கு ஹெட்டையே கழற்றினாராம்.

“கோல்டா இருக்கறப்ப நல்லாத்தான் காட்டும் மாமா. சூடானா கேஸ்கட் லீக் ஆகும். நாளைக்கு ஹெட்டைக் கழட்டறேன்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹெட்டைக் கழற்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்ட முடியாது. “அப்பாவை ஒரு வார்த்தை கேளேன்” என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அப்பா ஓட்டினது டாக்ஸி மாமா. இது ஸ்போர்ட்ஸ் கார்.”

வாசலில் மங்கி கேப் இல்லை. உள்ளே போய்விட்டிருந்தார். காதில் விழுந்ததா, விழவில்லையா? தெரியாது. அன்று ராத்திரி அத்தான் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். அக்கா என்னை முறைத்தாள், நான்தான் இன்ஜினைக் கெடுத்தேன் என்கிற மாதிரி.

புதன்கிழமை சாயங்காலம். பையன் ஸ்பானரோடு குனிகிறான். பின்னாலிருந்து குரல்.

“எலே, ஹெட்டைக் கழத்துறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவை வண்டிய நல்லா சூடாக்கு. வெளியே தள்ளி வச்சுச் சூடாக்கு. கராஜுக்குள்ள புகை ஆகாது.”

பையனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் செய்தான். இருட்டிக்கொண்டு வந்தது. இருபது நிமிஷத்தில் இன்ஜின் விக்க ஆரம்பித்து, ஒரு வேட்டுப் போட்டு அணைந்தது. அத்தான் மூன்று நாளில் முதல் தடவையாகக் கையை முன்னால் கொண்டுவந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் பார்க்காமலே விரலால் தட்டிக் கழற்றினார். ரோட்டாரை உருவினார்.

“சாவியப் போடு. ஸ்டார்ட் பண்ணாத. மாப்ளே, அந்த லைட்டை அமத்தும்.”

அமர்த்தினேன். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் பாயின்ட்டை மெல்ல நெம்பித் திறந்தார். இருட்டில் ‘பளிச்’. பாயின்ட்டின் நடுவே நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பொறி. திரும்பவும் நெம்பினார். திரும்பவும் ‘பளிச்’.

“பாத்தியா? இங்க இவ்ளோ பெருசா அடிச்சா, ப்ளக்குல என்ன மிஞ்சும்? கண்டன்ஸர் காலி.”

விஷயம் இதுதான். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடுகிறது. பாயின்ட் திறந்ததும் கரன்ட் சட்டென அறுந்து, அந்த அதிர்ச்சியில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து ப்ளக்குக்குப் போகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு இது விநாடிக்கு 100 தடவை நடக்கிறது. ஓடுகிற தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் உதறும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, அறுபட்ட கரன்ட் பாயின்ட் இடுக்கைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைக் குதிக்க விடாமல் அந்தக் கணத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் கண்டன்ஸரின் உத்தியோகம். சுண்டு விரலில் பாதி சைஸ். அது செத்தால் பாயின்ட் கருகும், ப்ளக்கில் பொறி சோகை பிடிக்கும். அரைகுறையாகச் சாகிற கண்டன்ஸர் குளிர்ந்தால் வேலை செய்யும், சூடானால் படுத்துவிடும். வண்டி ஆறு மைல் போவதும், அரை மணி ரெஸ்ட் எடுப்பதும் அதனால்தான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “ஞாயித்துக்கிழமை அந்த முள் துள்ளிச்சே?”

பையன் திரும்பினான். “என்னது?”

“ஆர்.பி.எம். முள். சைபருக்கும் மூவாயிரத்துக்கும்...”

“மாமா! இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

அந்த முள் ஓடுவதே பாயின்ட் பக்கத்துக் கரன்ட்டின் தயவில். பெட்ரோல் கோளாறு என்றால் முள் இன்ஜினோடு சேர்ந்து சீராக இறங்கும். துள்ளினால் கரன்ட் பக்கம் கோளாறு. அதாவது, மூன்று நாள் தேடிய விடை என் மூக்குக்கு நேராக டான்ஸ் ஆடியிருக்கிறது. நான் அதை ரசித்திருக்கிறேன்.

“ஆனா இது புதுசுப்பா. சனிக்கிழமைதான் மாட்டினேன்.”

“புதுசுன்னா நல்லதுன்னு எவம்லே சொன்னான்? பழசு எங்க?”

பையன் முகம் வெளிறியது. “டஸ்ட்பின்ல.”

“குப்பை லாரி எப்ப வரும்?”

“நாளைக்குக் காலைல ஏழு மணி.”

அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு டிட்காட்டில் ஓர் உன்னதக் காட்சி. பையன் தலைகீழாக டஸ்ட்பின்னுக்குள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு. அத்தான் டார்ச்சோடு. ஐந்து நாள் வெங்காயத் தோல், காபிப் பொடி, அக்கா வைத்த கோழிக் குழம்பின் எலும்புகள். அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு நின்று, “எதையாவது தொலைத்துவிட்டீர்களா?” என்று கேட்டார். “மானத்தை” என்று சொல்ல வந்தது. இங்கிலீஷில் சரியாக வராது என்பதால் சிரித்து வைத்தேன்.

பை கிடைத்தது. பழைய கண்டன்ஸரை அத்தான் வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். கருகியிருந்த பாயின்ட்டை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்தார். இடைவெளி 15 தவு வைக்க வேண்டும். கேஜ் எங்கேயோ புதைந்துவிட்டது.

“உன் ஆபீஸ் கார்டு ஒண்ணு குடு.”

பையனின் விசிட்டிங் கார்டை, பெரிய பெரிய பட்டமெல்லாம் அச்சிட்ட கெட்டி அட்டையை, பாயின்ட் நடுவே செருகி ஸ்க்ரூவை இறுக்கி உருவினார். “கிட்டத்தட்ட சரியா இருக்கும். காலைல கேஜ் வச்சுப் பாத்துக்க.”

ஸ்டார்ட் பண்ணினான். இருபது நிமிஷம். முப்பது. நாற்பது. விக்கல் இல்லை. முள் பூஜையறை விளக்கு மாதிரி அசையாமல் நின்றது.

“எப்படிப்பா...?” என்றான் பையன்.

“மூடியத் திறந்த அன்னைக்கே தெரியும்லே. நம்ம அம்பாசிடர் இன்ஜின்தான இது. கொஞ்சம் நல்லாச் சாப்பிட்டு வளந்திருக்கு.”

அவர் சொன்னது சத்தியம். பிறகு தேடிப் பார்த்தோம். நம் அம்பாசிடர் என்பது ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான். அதில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே ‘பி சீரிஸ்’ குடும்பம். அந்த 1489 சி.சி. இன்ஜினையே இரண்டு கார்புரேட்டர் வைத்து எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் போட்டிருக்கிறார்கள். ஒரு தம்பி ஆபிங்டனில் கித்தான் கூரையோடு ஊர் சுற்றினான். இன்னொரு தம்பி கடல் தாண்டிப் போய், நம் கலெக்டரையும் கல்யாண கோஷ்டியையும் சுமந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன காருக்கு இன்ஜினாக வாழ்க்கைப்பட்டான். இருவருக்கும் பொறி அடிக்கிற வரிசைகூட ஒன்றுதான்: 1, 3, 4, 2.

“தெரிஞ்சா ஏம்ப்பா சொல்லலை? மூணு நாளா நிக்கிறீங்களே!”

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார். “நீ கேக்கலையே.”

அதற்கு மேல் கராஜில் யாரும் பேசவில்லை. பையன் ரொம்ப நேரம் ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்த ஸ்பானர்களை.

வாசகர்களே, உங்களில் பலர் வீட்டில் அப்பாவின் பழைய யெஸ்டியோ புல்லட்டோ இருக்கலாம். ஆகவே ஞாபகம் வையுங்கள். ஓடுகிற வண்டியில் ஒரு நேரத்தில் ஒரு பார்ட்டை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்தது. ஆபீஸில் ஒரே நாளில் பத்து இடத்தில் கை வைத்துவிட்டு, எந்த இடத்தில் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுகிற பையன்தான் என் மருமகன். அவனே வீட்டில் அதை மறந்துவிட்டான். சர்வீஸுக்குப் பிறகு கோளாறு வந்தால், கடைசியாகத் தொட்ட இடத்தை முதலில் சந்தேகியுங்கள். கழற்றிய பழசைக் குறைந்தது ஒரு மாசம் தூக்கி எறியாதீர்கள். ஹெட்டைக் கழற்றுவது கடைசி வைத்தியம். அதற்கு முன்னால், வாசலில் கையைக் கட்டிக்கொண்டு யாராவது நிற்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பையன் கூரையை மடக்கினான். அத்தான் மங்கி கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு டப்பா. என்ன என்று பார்த்தேன். அந்தப் புது கண்டன்ஸர், பழைய ப்ளக், பழைய ரோட்டார் எல்லாம் பத்திரமாக.

“அப்பா, ஆபிங்டன் போயிட்டு அப்படியே ஆக்ஸ்ஃபோர்டும் போவமா? உங்க அம்பாசிடர் பிறந்த ஊர்” என்றான் பையன்.

“போவோம். நீ மூணாவது கியர்ல ரொம்ப இழுக்கிற. நாலுக்கு மாத்து, சொல்லுதேன்.”

“சரிப்பா” என்றான். இந்தத் தடவை, ‘இது ஸ்போர்ட்ஸ் கார்’ என்று சொல்லவில்லை.

நானும் ஏறலாம் என்று கதவருகே போனேன். “மாமா, இதுல ரெண்டே சீட்டு” என்று கையை விரித்துவிட்டுப் போயே போய்விட்டான்.

தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன். விக்கல் இல்லை, வேட்டு இல்லை. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“ஏல, சும்மாதான நிக்கிற? அந்த டஸ்ட்பின்னைக் கழுவி வை. நாறுது.”